பேனரில் இருக்கும் என் முகத்தைப் பற்றி: படித்த கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயாவுக்கும், முதல்வர் அவர்களுக்கும், பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் முதல் பேட்ச். 2015-இல் சேர்ந்து 2019-இல் வெளியே வந்த இசிஇ, அதாவது எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் மாணவன். பெயர் சொன்னால் உங்களில் யாருக்கும் ஞாபகம் வராது, முகத்தைப் பார்த்தால் வரும், ஏனென்றால் கடலூர் ஆல்பேட்டை செக்போஸ்ட் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் பிளெக்ஸ் பேனரில் மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான்தான். நீலச் சட்டை, சிவப்பு டை. அந்த டை என்னுடையது இல்லை. போட்டோ எடுத்த அன்றைக்கு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மேஜை டிராயரிலிருந்து ஒரே ஒரு டையை எடுத்துக் கொடுத்தார், எட்டுப் பேர் வரிசையில் நின்று அதையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டோம். பேனரை உற்றுப் பார்த்தால் எட்டுக் கழுத்திலும் ஒரே டை தொங்குவது தெரியும்.

போன வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து என் பெரியம்மா மகள் போன் செய்தாள். அந்த அக்காவின் பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறான். பாண்டிச்சேரிக்குத் துணி எடுக்கப் போனவர்கள் பஸ் ஜன்னல் வழியாக பேனரைப் பார்த்திருக்கிறார்கள். "ஏன்டா, நீ அந்தக் கம்பெனியிலதான இருக்க? உன் போட்டோவ ரோட்டுல பெருசா போட்டிருக்காங்க. பேசாம இவனையும் அங்கயே சேர்த்துடலாம்னு உங்க மாமா சொல்றாரு" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் போட்டோவுக்குக் கீழே லோகோவோடு போட்டிருக்கும் அந்தக் கம்பெனியில் நான் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அதன் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

அக்காவுக்கு போனில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2019 பிப்ரவரியில் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் பூல் டிரைவ், அதாவது பல கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வேலைக்கு ஆள் எடுப்பது, நடந்தது. காலை ஐந்தரைக்குக் கல்லூரி பஸ் வந்தது, நாற்பது பேர் போனோம், சாயங்காலம் நாலு பேரைத் தேர்வு செய்தார்கள், அதில் நான் ஒருவன். ஆபர் லெட்டரில் சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அன்றைக்கு யார் படித்தார்கள்? அப்பா திருப்பாதிரிப்புலியூர் கடையில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். மேயில் தேர்வு முடிந்தது. ஆகஸ்டில் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தேன், வரும்பா, வெயிட் பண்ணு என்றார்கள். தீபாவளிக்கு முன்னால் நேரில் வந்தேன், அதே பதில். பொங்கலுக்கு அப்புறம் நானே கேட்பதை விட்டுவிட்டேன். கல்விக் கடனோ யாருக்காகவும் வெயிட் பண்ணாது, படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை ஆரம்பித்துவிடும். வங்கியில் போய் வேலை கிடைக்கவில்லை, அவகாசம் கொடுங்கள் என்று கேட்டால், அங்கிருந்தவர் கடன் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஆபர் லெட்டர் காப்பி இதுல இருக்கே தம்பி" என்கிறார். அப்பா பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்ததால் ஒரு மூன்று மாதம் மூச்சு விட்டேன். ஊருக்கே கெட்ட காலம், எனக்கு மட்டும் கொஞ்சம் நல்ல காலம்.

சரி, ஒரு கம்பெனி ஏமாற்றியதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. 2022-இல் பெரிய பெரிய ஐடி நிறுவனங்களே ஆபர் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை வருடக்கணக்கில் காக்க வைத்தன, பழைய கல்லூரி, பெயர் பெற்ற கல்லூரி என்று பார்க்கவில்லை. என் கேள்வி வேறு. நான் அங்கே சேரவில்லை என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும், நானே மூன்று முறை சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் ஆறு வருடமாக அந்த பேனரை மட்டும் புதுசு புதுசாக அடித்துக்கொண்டிருக்கிறீர்களே, எப்படி?

அந்த பேனரில் இருக்கும் 100 சதவீதம் பிளேஸ்மென்ட் எப்படி வந்தது என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் 52 பேர். அதில் பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ. மூன்றிலும் அறுபதுக்கு மேல், அரியர் ஒன்றுகூட இல்லை, ட்ரெயினிங்குக்குப் பணமும் கட்டியாயிற்று என்று வடிகட்டினால் பத்தொன்பது பேர் தேறினோம். மீதி 33 பேர் கணக்கிலேயே கிடையாது. அப்புறம் இந்தப் பத்தொன்பது பேருக்கு வந்த ஆபர்களை எண்ணினீர்கள், ஆட்களை எண்ணவில்லை. ஒரே பையனுக்கு மூன்று ஆபர் வந்தால் மூன்று. அப்படிக் கூட்டினால் 21 வருகிறது, நூறையே தாண்டிவிட்டது. அடக்கமாக நூறோடு நிறுத்திக்கொண்டீர்கள், அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

பேனரில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சபட்ச சம்பளம். அது ஒரே ஒருத்தனுடையது. அவன் எங்களோடு படித்தவன்தான், நல்ல பையன், கல்லூரி வழியாக இல்லாமல், அவனே கோயம்புத்தூர் வரைக்கும் போய் ஆஃப் கேம்பஸில் வாங்கியது அது. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகளிடம் உச்சபட்சம் எவ்வளவு என்று கேட்பதில்லை, மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்றுதான் கேட்கிறார்கள், கொடுத்த விவரத்தைக் கல்லூரி தன் இணையதளத்திலும் வைத்தாக வேண்டும். மீடியன் என்றால் ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நட்டநடுவில் நிற்கிறவனைக் கூப்பிட்டு உனக்கு எவ்வளவுப்பா என்று கேட்பது. அக்கா பையன் அந்த நடுப் பையனாகத்தான் இருப்பான். பெரும்பாலான பையன்கள் அப்படித்தான். அவனுக்கு வேண்டியது அந்த எண், கோயம்புத்தூர் போனவனின் எண் இல்லை.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. புதுக் கல்லூரிக்கு ஒரு சாபம் இருக்கிறது. படிப்பின் தரத்துக்குக் கொடுக்கும் என்பிஏ அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவே அந்தப் பிரிவில் இரண்டு பேட்ச் படித்து வெளியே வந்திருக்க வேண்டும். ஆக முதல் இரண்டு பேட்ச் அந்த முத்திரை இல்லாமல்தான் வெளியே வர முடியும். கம்பெனிக்காரர்கள் பட்டியல் போடும்போது அது இல்லாத கல்லூரியை ஒதுக்கிவிடுவார்கள். சீனியர் என்று ஒருத்தன் எங்கேயும் உட்கார்ந்திருக்க மாட்டான், ரெசியூமை உள்ளே தள்ளிவிட ஆள் இல்லை. அந்தச் சமயத்தில் நீங்கள் பஸ் பிடித்து எங்களைப் பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் கூட்டிப்போனதே பெரிய விஷயம். 2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் முதல் செமஸ்டர் தேர்வே தள்ளிப்போனது, பண்ருட்டிப் பக்கத்துப் பையன்கள் வீட்டுக்குப் போக முடியாமல் ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது மெஸ் பில் போடாமல் பத்து நாள் சோறு போட்டீர்கள். அதை இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் கோபத்தோடு உரிமையையும் சேர்த்து எழுதுகிறேன்.

போன தை மாதம் வடலூரில் எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தபோது யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது, ஒருத்தன் தாம்பூலப் பைக்குப் பின்னால் பேனாவால் எழுத ஆரம்பித்துவிட்டான். அது ஒரு விசித்திரமான பட்டியல். சாஃப்ட்வேரில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பாதிப் பேர் நீங்கள் அரியர் என்று ஒதுக்கிய அந்த 33-இல் வருகிறவர்கள். ஒருத்தன் பாண்டிச்சேரியில் ஒன்றரை வருடம் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டே ராத்திரியில் கிளவுட் படித்து, இப்போது பெங்களூரில் எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சம்பாதிக்கிறான். இரண்டு பேர் குரூப் 4 எழுதி அரசு வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தன் நெய்வேலியில் அப்ரன்டிஸாக ஒரு வருடம் இருந்துவிட்டு இப்போது சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்டில், ஷிஃப்ட் வேலை, இன்ஸ்ட்ருமென்டேஷன். படித்ததைத் தினமும் கையால் தொட்டு வேலை செய்கிறவன் அநேகமாக அவன் ஒருத்தன்தான். பண்ருட்டிப் பையன் அப்பாவின் முந்திரி மண்டியைப் பார்த்துக்கொள்கிறான். அவனை உங்கள் புரோஷரில் தொழில்முனைவோர் என்று போட்டிருக்கிறீர்கள், அதைக் காட்டி அவனே சிரித்தான். பெண்களில் ஏழெட்டுப் பேரைப் பற்றி எங்கள் யாருக்குமே சரியாகத் தெரியவில்லை. கல்யாணமாகி நம்பர் மாறிப்போனவர்கள். வகுப்பில் முதல் இடம் வந்த பெண்ணும் அதில் ஒருத்தி.

இந்தப் பட்டியல் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். ஒரு தாம்பூலப் பைக்குப் பின்னால் இருக்கிறது.

அடுத்து மேற்படிப்பு. இதைப் பற்றி உங்கள் பேனரில் ஒரு வார்த்தைகூட இல்லை, உண்மையில் புதுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓரளவு நியாயமாகத் திறந்திருக்கும் கதவு இதுதான். எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வு உன் காலேஜ் எது என்று கேட்காது. வீட்டில் சும்மா இருந்த காலத்தில் ஐஐடிகளின் என்பிடெல் பாட வீடியோக்களைப் பார்த்துப் படித்தேன், காசு செலவில்லை. 2021 பிப்ரவரியில் பாண்டிச்சேரியில் எழுதினேன், ஒரு என்ஐடியில் விஎல்எஸ்ஐ, அதாவது சிப் வடிவமைப்பில் எம்.டெக் கிடைத்தது, இரண்டு வருடமும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வந்தது, அதில் மிச்சம் பிடித்துத்தான் கடன் தவணையைக் கட்டினேன். இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது அந்தப் படிப்புதான். அந்த வருடத்திலிருந்து மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே கேட் எழுதலாம் என்று விதியை மாற்றியிருந்தார்கள். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்ற பொதுத்துறைகளும் அதை வைத்துப் பயிற்சிப் பொறியாளர்களை எடுத்திருக்கின்றன. நம் ஊரிலிருந்து நெய்வேலி ஒரு மணி நேரம். இதை எங்கள் நாலு வருடத்தில் ஒரு வகுப்பிலாவது யாராவது சொன்னார்களா? கோடை விடுமுறையில் அறிவியல் அகாடமிகள் ஃபெல்லோஷிப் கொடுத்து ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கல்லூரிப் பிள்ளைகளை அனுப்புகின்றன என்பதை நான் எம்.டெக் ஹாஸ்டலில், பல் தேய்க்கும் இடத்தில் கேள்விப்பட்டேன். எங்களுக்கு எல்லாக் கோடையிலும் ஆப்டிட்யூட் ட்ரெயினிங்தான், ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை வினாடி என்று.

கேட் எழுதுகிறவன் எப்படியோ தப்பித்துக்கொள்வான், அவனுக்குக் கல்லூரியிடமிருந்து பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. வெளிநாடு போகிறவர்களின் கதைதான் பாவம். என் தோழி ஒருத்தி 2023-இல் ஜெர்மனிக்கு விண்ணப்பித்தாள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் கட்டணம் கிடையாது என்பதால் நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க முடிகிற நாடு அது. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்டி வாங்கினாள், ஒரு வருடச் செலவுக்கு வங்கிக் கணக்கில் முடக்கி வைக்க வேண்டிய யூரோவுக்கு அப்பா நிலத்தை அடகு வைத்தார், ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டாள். பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது, அதனால் புதுக் கல்லூரி என்பது அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. கல்லூரியிடம் அவளுக்கு வேண்டியது மூன்றே மூன்று: இரண்டு பரிந்துரைக் கடிதம், ஆங்கில வழியில் படித்தாள் என்று ஒரு சான்று, பாடத்திட்ட நகலில் ஒரு முத்திரை. விண்ணப்பக் கெடு ஜூலை 15.

அவள் சென்னையில் வேலையில் இருந்தாள். ஜூன் கடைசியில் லீவு போட்டு வந்தாள், முதல்வர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் வந்தாள், முதல்வர் இருந்தார், ஆனால் பரிந்துரை எழுத அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள் யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? நாங்கள் படித்த நாலு வருடத்தில் எங்கள் துறைக்கு நாலு தலைவர்கள். சம்பளம் மூன்று மாதம் நின்றால் யார்தான் இருப்பார்கள்? (அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாள்.) விலகிப்போன ஒரு சாரைத் தேடிப் பிடித்து, அவரும் நல்ல மனதோடு எழுதித் தருகிறேன் என்றார், ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிவம் அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரியைத்தான் கேட்டது, ஜிமெயிலை ஏற்கவில்லை. நம் கல்லூரியில் பாதி ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு முகவரியே கொடுக்கவில்லை. மூன்றாவது முறை ஜூலை 13 அன்று வந்தாள். கடிதம் தயார், கையெழுத்தும் போட்டாயிற்று, முத்திரை பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி சூப்பிரண்டெண்டிடம் இருக்கிறது, சூப்பிரண்டெண்ட் திருப்பதி போயிருக்கிறார். அலுவலக வாசல் பெஞ்சில் சாயங்காலம் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு எனக்கு போன் செய்தாள். அழவில்லை. "ஒரு ரப்பர் ஸ்டாம்ப்டா" என்றாள், அவ்வளவுதான். ஒரு வருடம் போயிற்று. அடுத்த வருடம் ஜனவரியிலேயே வந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள், இப்போது அங்கே முதுகலை முடிக்கப்போகிறாள். அவள் போட்டோவை இந்த வருட புரோஷரில் பார்த்தேன். உலகெங்கும் நம் மாணவர்கள் என்று தலைப்பு.

ஐயா, நான் கேட்பது பெரிய பணம் செலவாகும் விஷயம் எதுவும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் முடித்த பேட்சில் ஒவ்வொருவருக்கும் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள், ஒரு வகுப்புக்கு ஐம்பது அறுபது போன், அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வார வேலை. பெண்களையும் தேடுங்கள், அவர்கள் வீட்டு நம்பர் உங்கள் அட்மிஷன் ஃபைலில் இருக்கிறது. வருகிற பதிலை அப்படியே போடுங்கள், வேலையில் இல்லாதவர்களையும், வேறு துறைக்குப் போனவர்களையும் சேர்த்து. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏஐசிடிஇக்குக் கட்டாயமாகக் கொடுக்கும் விவர அறிக்கையான மேண்டேட்டரி டிஸ்குளோஷரிலேயே குறைந்தபட்சச் சம்பளம், அதிகபட்சம், சராசரி என்று கேட்கத்தான் செய்கிறார்கள், அதில் போடுவதை பேனரிலும் போட்டால் போதும். நமக்குக் கூட்டம் வராது என்று பயப்படுவீர்கள். வரும் ஐயா. அந்த டெலிவரி பையன் கதையைப் படித்தால் எந்த அப்பாவுக்கும் நம்பிக்கை வரும், பாலத்தைக் கடக்கும் ரயிலைவிட அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

ஆசிரியர்களுக்குக் கல்லூரிப் பெயரில் மின்னஞ்சல் கொடுங்கள், விலகிப் போனாலும் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுத ஒரு வருடமாவது அதை விட்டு வையுங்கள். சான்றிதழ், முத்திரை, பரிந்துரை இவற்றுக்கு ஒரு ஆளையும் ஒரு மாற்று ஆளையும் போடுங்கள், பீரோ சாவி இருவரிடமும் இருக்கட்டும். பஸ் கட்டண பாக்கிக்காகப் பிள்ளைகளின் அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதையும் நிறுத்துங்கள், யுஜிசி 2018-லேயே கூடாது என்று அறிவித்துவிட்டது. நான் எம்.டெக் சேரப் போனபோது 6,000 ரூபாய் பாக்கியைக் கட்டிய பிறகுதான் என் மார்க் ஷீட் பீரோவை விட்டு வெளியே வந்தது, அதே பீரோவாகத்தான் இருக்க வேண்டும்.

பேனரில் என் போட்டோவை எடுக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, அம்மாவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். கீழே இருக்கும் கம்பெனி பெயரை மட்டும் அழித்துவிட்டு, 2019 இசிஇ, இரண்டு வருடம் வேலை இல்லை, அப்புறம் கேட் எழுதி எம்.டெக், இப்போது பெங்களூரில் சிப் வெரிஃபிகேஷன் என்று போடுங்கள். ஒரு வரிதான் அதிகமாகும்.

அக்கா பையனுக்கு இன்னும் நான் பதில் சொல்லி முடிக்கவில்லை. சாய்ஸ் லிஸ்ட் போடும்போது என்னையும் கூட வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு பென்சிலால் எழுதிப் பார்த்ததில் நம் கல்லூரி பதினொன்றாவது இடத்தில் இருக்கிறது. அவன் ரவுண்டில் அந்த லிஸ்டைப் பூட்டுவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் போன வருடம் முடித்த இசிஇ பேட்சின் மீடியன் சம்பளமும், மேற்படிப்புக்குப் போனவர்களின் எண்ணிக்கையும், உங்கள் துறைத் தலைவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்பதும் உங்கள் இணையதளத்தில் வந்தால், அவனோடு உட்கார்ந்து அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு,
மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது